ஓடத் தெரிந்தால் போதும், மலை அருகில்தான்: பினாங்குத் தீவின் நான்கு பசுமை வழிகள்

பினாங்கு என்றதும் வெளியூர் நண்பர்கள் கேட்பது பத்து பெரிங்கி கடற்கரையையும் நாசி கண்டாரையும்தான். தீவில் பிறந்து வளர்ந்த நாமும் ஓய்வு நேரம் கிடைத்தால் பேரங்காடிக்குத்தான் கிளம்புகிறோம். ஆனால், கொம்தாரில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அருவியும் அணைக்கட்டும் உள்ள காட்டின் வாசலில் இறங்கிவிடலாம். ஒரு நகரத்தின் நடுவிலிருந்து இவ்வளவு விரைவில் மழைக்காட்டை அடையக்கூடிய இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம், பருவத் தேர்வு என்று ஏதாவது ஒன்று எப்போதும் நம் தலைக்கு மேல் இருக்கிறது. உடற்பயிற்சிக்கு நேரமில்லை, பணமில்லை, இடமில்லை என்று மூன்று காரணங்களை அடுக்குகிறோம். ஐந்து முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களும், அதற்கு மேற்பட்ட வயதினர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களும் உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஓட்டத்துக்கு உறுப்பினர் கட்டணம் கிடையாது. ஒரு நல்ல காலணியும் பேருந்துக் கட்டணமும் போதும். இடம்? அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கீழே உள்ள நான்கு வழிகளும் எளிதானதிலிருந்து கடினமானதை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டவை. நான்கிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது, அதுதான் தண்ணீர். நாம் ஓடும் இந்தக் காடுகள் பெரும்பாலும் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காகக் காப்பாற்றப்பட்டவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் வழி: தாவரவியல் பூங்கா

தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ்டவுனிலிருந்து வெள்ளி இரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். அந்தச் சாலையில் கோவில்களைக் கடந்து இன்னும் சற்றுத் தூரம் உள்ளே போனால் தாவரவியல் பூங்கா வந்துவிடும். தண்ணீர்மலை என்ற பெயரே அங்குள்ள அருவியால் வந்ததுதான். ஆண்டுக்கு ஒரு முறை காவடியோடு அந்தப் பகுதியை மிதிக்கும் நம்மில் பலர், மற்ற நாள்களில் அங்கே போவதே இல்லை.

இந்தப் பூங்கா 1884ஆம் ஆண்டு சார்ல்ஸ் கர்டிஸ் என்பவரின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. பழைய கருங்கல் உடைப்பிடம் ஒன்றுதான் பூங்காவாக மாறியது. நகரத்துக்குத் தண்ணீர் தந்தது இங்குள்ள அருவி. 1910ஆம் ஆண்டு இந்தப் பூங்காவையே நீர்த்தேக்கமாக மாற்றும் திட்டம்கூட எழுந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. அன்று அது நிறைவேறியிருந்தால் இன்று நாம் ஓடும் புல்வெளி நீருக்கடியில் இருந்திருக்கும்.

ஓட்டத்தைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தார் போட்ட பாதை, அளவான மேடு பள்ளம், இருபுறமும் நிழல். எத்தனை சுற்று ஓடுவது என்பது உங்கள் விருப்பம். களைத்தால் நாகலிங்க மரத்தைத் தேடிப் பாருங்கள். சிவன் கோவில்களில் நாம் பார்க்கும் அதே மரம்தான். அடிமரத்திலேயே பூத்து, பீரங்கிக் குண்டு போல காய்க்கும். நம் வழிபாட்டோடு இவ்வளவு கலந்துவிட்ட இந்த மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கையில் நெகிழிப் பையோ ரொட்டியோ இருந்தால் நீள்வால் குரங்குகள் உங்களைவிட வேகமாக ஓடி வரும். அவற்றுக்கு உணவு கொடுக்காதீர்கள். மனிதர் தரும் தீனிக்குப் பழகிய குரங்கு பிறகு மனிதரிடமிருந்து பறிக்கத் தொடங்கும். பழியை ஏற்பது குரங்குதான்.

இரண்டாவது வழி: ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு

மலாய் மொழியில் ஆயர் என்றால் தண்ணீர், ஈத்தாம் என்றால் கறுப்பு. கரிய நீர் என்று பெயர் பெற்ற இந்த ஊருக்கு ஜார்ஜ்டவுனிலிருந்து பேருந்து வசதி தாராளமாக உண்டு. கெக் லோக் சி புத்தர் கோவிலைத் தாண்டி மேலேறும் வளைவுச் சாலைதான் அணைக்கட்டுக்குப் போகும் வழி. இங்கே ஓட்டம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதி மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். அடுத்தது, நீரைச் சுற்றிக் காட்டோரமாகச் செல்லும் அமைதியான பாதை. ஏற்றத்தில் நடந்துவிட்டு, மேலே போனதும் ஓடுவதுதான் புதியவர்களுக்கு நல்லது.

மேலே போனதும் காற்று மாறுவது தெரியும். ஒரு பக்கம் தேங்கி நிற்கும் நீர், அதைச் சுற்றிலும் அடர்ந்த மரங்கள். கீழே இருக்கும் அடுக்குமாடி வீடுகளின் இரைச்சல் இங்கே எட்டாது.

இந்த அணை 1962ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. இதன் கொள்ளளவு ஏறக்குறைய 260 கோடி லிட்டர். கேட்க மிகப் பெரிய எண்ணாகத் தெரிகிறது அல்லவா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 250 லிட்டர் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் பேருக்கு இந்த அணை நிறைய நீர் 104 நாள்களுக்குத்தான் வரும். அதாவது மூன்றரை மாதம். பினாங்கு மாநிலத்தின் குடிநீரில் பெரும் பகுதி கெடாவிலிருந்து வரும் சுங்கை மூடா ஆற்றைத்தான் நம்பியிருக்கிறது. அணைகள் கையிருப்பு மட்டுமே. 2023ஆம் ஆண்டின் வறட்சியில் ஆயர் ஈத்தாம் அணையின் நீர்மட்டம் வெகுவாக இறங்கியது; செயற்கை மழை பெய்விப்பது பற்றிப் பேச வேண்டிய நிலை வந்தது. கரையில் ஓடுபவருக்கு இதைச் செய்தித்தாள் சொல்ல வேண்டியதில்லை. நீர் இறங்க இறங்க, கரையில் வெறும் மண் வரி வரியாக வெளியே தெரியும்.

அணைப்பகுதிக்குத் திறப்பு நேரம் உண்டு. வறட்சியாலோ பராமரிப்புப் பணியாலோ மூடப்படும் நாள்களும் உண்டு. போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். அணை நீரில் இறங்குவதோ குளிப்பதோ கூடவே கூடாது. அது நாம் குடிக்கும் தண்ணீர்.

மூன்றாவது வழி: கொடிமலை ஜீப் சாலை

இது விளையாட்டல்ல. தாவரவியல் பூங்காவின் நுழைவாயிலுக்கு அருகிலிருந்து கொடிமலையின் மேல் நிலையம் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை செல்கிறது. தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இந்த ஐந்து கிலோமீட்டரில் 600 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். கொம்தார் கோபுரத்தின் உச்சிக்கு இரண்டு முறை ஏறியும் போதாமல், மூன்றாம் முறை பாதி வழி ஏறுவதற்குச் சமம் அது. சமதளத்தில் அரை மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடுபவருக்கும் இங்கே அதைப்போல் இரு மடங்கு நேரம் ஆகலாம்.

நன்கு பயிற்சி பெற்றவர்கள்கூட இந்தச் சாலையை முழுதும் ஓடிக் கடப்பது அரிது. கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து ஏறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதி வழியில் 'எண்பத்து நான்கு' என்று எல்லாரும் அழைக்கும் ஓய்வுக் கூடம் இருக்கிறது. அங்கே சீனப் பெரியவர்கள், மலாய்க் குடும்பங்கள், தமிழ் அண்ணன்மார்கள் எனப் பலரும் ஒரே விசுப்பலகையில் அமர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒற்றுமையைப் பற்றி நாம் பள்ளியில் எழுதிய கட்டுரைகளைவிட அந்தப் பலகை நன்றாகப் பாடம் சொல்லும். எழுபது வயதைக் கடந்தவர்கள் நம்மை முந்திச் செல்வதையும் அங்கே பார்க்கலாம். இருபது வயதில் படியேற மூச்சு வாங்கும் நமக்கு அது நல்ல மருந்து.

கொடிமலையின் மிக உயர்ந்த சிகரம் 833 மீட்டர். கீழே ஆயர் ஈத்தாமிலிருந்து மேலேறும் மலை இரயில் 1923ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. அதற்கு முன் வசதி படைத்த வெள்ளையர்கள் ஆள்கள் சுமந்த நாற்காலியில் அமர்ந்து இந்த மலையேறினார்கள். இன்று நாம் நம் சொந்தக் காலில் ஏறுகிறோம். இறங்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். ஏற்றம் நெஞ்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். முதல் சில முறை இரயிலில் இறங்கிவிடுவது புத்திசாலித்தனம். மலைக்குச் செல்லும் வண்டிகளும் இதே சாலையைப் பயன்படுத்துவதால், இரு காதுகளையும் அடைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

நான்காவது வழி: தெலுக் பஹாங்கும் ஓர் அதிசய ஏரியும்

தீவின் வடமேற்கு மூலையில், பேருந்து நிற்கும் கடைசி ஊர் தெலுக் பஹாங். அங்கே 2003ஆம் ஆண்டு அரசிதழில் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா இருக்கிறது. இங்கே தார்ச்சாலை இல்லை. மரவேர்களும் பாறைகளும் வழுக்கும் களிமண்ணும்தான் பாதை. ஆகவே இது காட்டு ஓட்டம். வேகத்தைவிடக் கால் வைக்கும் இடம் முக்கியம். மழை பெய்த மறுநாள் நடந்தே போங்கள்.

நுழைவாயிலில் பதிவு செய்துகொண்டு, மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் காட்டின் வழியே கடந்தால் கெராச்சூட் கடற்கரை வரும். அங்கேதான் அந்த ஏரி. பார்ப்பதற்குச் சாதாரணக் குட்டை போலத்தான் தெரியும். ஆனால் அதில் இரண்டு நீர் அடுக்குகள் உண்டு. ஓடைகளிலிருந்து வரும் நன்னீர் மேலே நிற்கும். கடலிலிருந்து வரும் உப்புநீர் அடர்த்தி மிகுந்தது என்பதால் கீழே தங்கிவிடும். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பள்ளியில் படித்த அடர்த்திப் பாடம் நினைவுக்கு வருகிறதா? அறிவியல் பாடநூலின் ஒரு பக்கம் கடலோரத்தில் திறந்து கிடக்கிறது. இத்தகைய ஏரிகள் ஆசியாவிலேயே மிகச் சில. மழையில்லாத மாதங்களில் இது வற்றிவிடும். நீங்கள் போகும் நாளில் ஏரிக்குப் பதிலாக வெறும் தரையைக் கண்டால் ஏமாற்றம் அடையாதீர்கள். அதுவும் அதன் இயல்புதான்.

பக்கத்திலேயே மீன்வளத்துறையின் கடலாமைப் பாதுகாப்பு நிலையம் உள்ளது. ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. கடலில் குளிக்க வேண்டாம்; நீரோட்டமும் சொறி மீன்களும் ஆபத்தானவை. திரும்பும் தூரத்தையும் கணக்கில் வைத்து, குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். காட்டுப் பாதைகள் மண்சரிவுக்குப் பின் மூடப்படுவது வழக்கம். மூடிய பாதையில் புகுந்து போவது வீரமன்று.

தொடங்கும் முன்

நம் ஊரில் ஓட்டத்துக்கு எதிரி வெயில். ஆனால் காலையில் நமக்கு ஒரு சலுகை உண்டு. 1982ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால்தான் பினாங்கில் சூரியன் காலை ஏழு மணிக்குப் பிறகே எழுகிறது. ஏழு மணிக்குக் கிளம்பினாலும் ஒன்பது மணி வரை வெயிலின் கடுமை குறைவு. மாலையில் ஓடுவோர் இடிமழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். இடி கேட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடி பாதுகாப்பன்று. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படும். நமக்கும் அதுவே விதி.

முதல் நான்கு வாரங்களுக்கு எளிய முறை ஒன்று. ஒரு நிமிடம் ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். இப்படி இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். ஒவ்வொரு வாரமும் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி, நடக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறையுங்கள். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். தலைசுற்றல், குமட்டல், குளிர் நடுக்கம் ஏற்பட்டால் உடனே நிழலுக்குப் போய் உடலைக் குளிரச் செய்யுங்கள். துணைக்கு இருப்பவரை அழையுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு சொல். "பொம்பளப் பிள்ள தனியா காட்டுப் பக்கம் ஓடுறதா?" என்ற கேள்வி பெரும்பாலான வீடுகளில் எழும். என் வீட்டிலும் எழுந்தது. பெற்றோரின் அச்சம் வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அந்த அச்சத்துக்குப் பதிலாக ஒரு திட்டத்தைக் காட்டினால் வாதம் பாதி முடிந்துவிடும். குறைந்தது மூன்று பேர் சேர்ந்து போங்கள். கூட்டம் நிறைந்த சனி, ஞாயிறு காலைகளைத் தேர்ந்தெடுங்கள். தாவரவியல் பூங்காவில் தொடங்குங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தை அம்மாவுக்குப் பகிர்ந்துவிட்டு, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் அவர்களுக்கும் தங்களுக்காக நடக்கும் ஒரு மணி நேரம் தேவைப்படுகிறது.

பாதை இருந்தால்தான் ஓட்டம்

2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கைத் தாக்கிய புயல்மழையை நம்மில் பலர் சிறுவயதில் கண்டிருக்கிறோம். உயிர்கள் பறிபோயின, வீடுகள் மூழ்கின. கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. மரங்களின் வேர்தான் மலைமண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. அதே வேர்தான் மழைநீரை மெதுவாக ஓடைக்கு அனுப்புகிறது. மலையில் மரம் குறைந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் சேர்ந்தே வரும்.

கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலம் மலைநிலம். அங்கே மேம்பாடு கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்பது பினாங்கின் கட்டமைப்புத் திட்டத்திலுள்ள விதி. 2021 செப்டம்பரில் கொடிமலையும் சுற்றியுள்ள காடுகளும் தேசியப் பூங்காவும் அதன் கடற்பகுதியும் சேர்ந்து, 12,481 ஹெக்டர் பரப்பை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. இந்தக் கட்டுரையில் சொன்ன வழிகள் இந்தப் பசுமைத் தொடரைச் சார்ந்தவை. அதே வேளையில், தாவரவியல் பூங்காவுக்கு அருகிலிருந்து மலையுச்சிக்குக் கேபிள் கார் அமைக்கும் திட்டமும் வந்துள்ளது. மலை இரயிலில் நெரிசல் அதிகம், அது பழுதானால் மாற்றுவழி வேண்டும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம். கூட்டம் கூடக் கூட மலையால் தாங்க முடியுமா என்பது எதிர்ப்பவர்களின் கேள்வி. இரண்டையும் படித்துவிட்டு நாம் கருத்துச் சொல்ல வேண்டும். அந்த மலையின் சாலையை வாரந்தோறும் தன் காலால் அளந்தவனின் கருத்துக்குத் தனி எடை உண்டு.

நம்மால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களா? தெலுக் பஹாங் சாலையில் கண்ணாடிக் குரங்குகள் வண்டிகளில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட, சாதுவான இலைதின்னிக் குரங்குகள் அவை. இவற்றை ஆராய்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மாணவி ஒருவர், தன்னார்வலர்களோடு சேர்ந்து 2019இல் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார். பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு அமைத்த அந்தப் பாலத்தில் குரங்குகள் இன்று சாலையைக் கடக்கின்றன. கோடிக்கணக்கில் பணம் செலவாகவில்லை. நாள்தோறும் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்த ஒருவரின் கண்கள்தான் முதல் மூலதனம்.

ஓடுபவர்களுக்கும் அந்தக் கண்கள் உண்டு. எந்த ஓடை கலங்கியிருக்கிறது, எந்தச் சரிவில் மரம் குறைந்திருக்கிறது, அணையின் நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வாரந்தோறும் காட்டுக்குப் போகிறவருக்குத் தெரியும். வளைவுகளில் குறுக்குவழி போடாதீர்கள். பலர் மிதித்த குறுக்குவழியில்தான் மழைநீர் முதலில் மண்ணை அரிக்கும். கொண்டு போன புட்டியைத் திரும்பக் கொண்டு வாருங்கள். புதிய மண்சரிவையோ கொட்டிய குப்பையையோ கண்டால் படம் எடுத்துப் பூங்கா அலுவலகத்துக்கோ நகராண்மைக்கோ தெரிவியுங்கள். பள்ளியில் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கொள்கை இருக்கிறது; ஓட்டக் கழகம் இல்லையென்றால் ஆசிரியரிடம் கேட்டு ஒன்றைத் தொடங்குங்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான புள்ளிகளில் புறப்பாடத்துக்கும் 10 விழுக்காடு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தாவரவியல் பூங்காவில் ஒரே ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே சுற்றை ஓடும்போது எத்தனை நிமிடம் குறைந்திருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். அந்தக் கணக்கு உங்களை அணைக்கட்டுக்கும், பிறகு கொடிமலைக்கும் தானாகவே அழைத்துச் செல்லும்.